‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கும் ஓர் இடம்

‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். பெண் பார்க்கும் வீட்டிலிருந்து ஊர்க்கூட்டம் வரை இதைச் சான்றாகக் காட்டி எத்தனையோ முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. பேசாதிருந்தவர் உண்மையிலேயே சம்மதித்தாரா, அஞ்சி நின்றாரா, கேள்வியே விளங்காமல் விழித்தாரா என்று திரும்பிக் கேட்டவர் சிலரே. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பழஞ்சொல்லை ஏற்க மறுத்துவிட்டது. ஒருவரைப் பற்றிய விவரங்களைத் திரட்டுவதற்குப் பெறும் சம்மதம் தடையின்றித் தரப்பட்டதாகவும், குறிப்பிட்டதொரு நோக்கத்திற்கு உரியதாகவும், அறிந்து தரப்பட்டதாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்திற்கு இடமற்றதாகவும் இருக்க வேண்டும். தெளிவானதொரு செயலால் அது வெளிப்பட வேண்டும் என்று அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு விதிக்கிறது.

நல்ல சட்டந்தான். ஆனால் கைபேசித் திரையில் அந்தத் ‘தெளிவான செயல்’ என்பது என்ன? விரல் நுனியால் ஒரு தொடுதல். அவசரத்தில், அலுப்பில், ‘இதைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும்’ என்ற பழக்கத்தில் விழும் அந்தத் தொடுதலும் மௌனத்தைப் போலவே ஊமையானதுதான். ஆகவே சம்மதம் தருபவரை மட்டும் ஆராய்ந்தால் உண்மை கிட்டாது. கேட்பவரையும் ஆராய வேண்டும். கேட்கும் முறையே பாதிப் பதிலை எழுதிவிடுகிறது என்பதும், ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் தராத கேள்வி கேள்வியே அன்று என்பதும் இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைபவை.

இதைச் சிந்திப்பதற்குக் கொட்டிவாக்கம் பொருத்தமானதோர் ஊர். கிழக்கே வங்கக் கடலும் மீனவர் குப்பமும். நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதன் கடைகளும். மேற்கே பக்கிங்காம் கால்வாய். கால்வாய்க்கு அப்பால் பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக மென்பொருள் அலுவலகங்கள். 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் இப்பகுதியின் முகமே மாறிற்று. 2011இல் ஊராட்சியாயிருந்த இவ்வூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. திரையில் கேள்வியை எழுதுபவரும், மீன் விற்ற பணம் வந்து சேர்ந்ததா என்று அதே திரையைப் பார்த்து நிற்பவரும், ஒரே கால்வாயின் இரு கரைகளில் வாழ்கிறார்கள். சில குடும்பங்களில் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள்: மகள் எழுதுகிறாள், தாய் தொடுகிறாள். எனவே இது யாரோ தொலைநாட்டுப் பெருநிறுவனத்தாரின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

பிறர் எழுதிய ‘நான்’

விமரிசனம் கதைக்கும் கவிதைக்கும் மட்டும் உரியதன்று. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் கடந்து செல்லும் ஒரு வாக்கியத்தையும் எடுத்து வைத்துப் பார்க்கலாம். ‘விதிமுறைகளைப் படித்துப் புரிந்துகொண்டேன், ஏற்கிறேன்’ என்ற பொருள்பட வரும் வாக்கியத்தைக் காண்போம். இதில் பேசும் ‘நான்’ யார்? எழுதியவர்கள் நிறுவனத்தார், பேசுபவராக நிறுத்தப்படுபவர் நாம். கதையில் ‘நான்’ என்று வரும்போது அது கதைமாந்தரின் குரல் என்று நமக்குத் தெரியும். இங்கோ, பிறர் எழுதிய ‘நான்’ நம் வாயில் வைக்கப்பட்டு, நம் கூற்றாகப் பதிவாகிறது. அதுவும் மெய்யல்லாத கூற்றாக. படித்தோம் என்கிறோம், படிக்கவில்லை. புரிந்தது என்கிறோம், புரியவில்லை. படிக்கமாட்டார்கள் என்பது எழுதியவருக்கும் தெரியும். ஓர் உறவு தொடங்கும்போதே இருதரப்பும் அறிந்த பொய்யோடு தொடங்குகிறது. இவ்வாக்கியத்தின் முதற்குறை இதுதான்.

பத்திரங்களிலும் பிறர் எழுதிய ‘நான்’ உண்டு என்று கூறலாம். ‘மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்தது’ என்னும் தொடரைப் பத்திர எழுத்தரே எழுதுகிறார், கையெழுத்திடுபவர் எழுதுவதில்லை. ஆனால் அங்கே எதிரே ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். எழுத்தறியாதவருக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டும் வழக்கம் உண்டு. சாட்சிகள் நிற்கிறார்கள். ‘இந்த வரிக்கு என்ன பொருள், ஐயா?’ என்று கேட்கலாம்; ‘நாளைக்கு வருகிறேன்’ என்று எழுந்து போகவும் செய்யலாம். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிய வட்டிக்காரர்களும் நம்மிடையே இருந்ததுண்டு. அவர்கள் செய்தது மோசடி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. திரையில் நடப்பது இவ்விரண்டில் எதற்கு நெருக்கமானது என்பதைக் கேள்வியை அமைப்பவரின் தேர்வுகளே தீர்மானிக்கின்றன.

கேட்பவரின் தேர்வுகள்

முதலாவது, எப்போது கேட்பது என்பது. 2015க்கு முன்னர் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஒரு செயலியை நிறுவும்போதே அது கோரும் அனுமதிகள் அனைத்தும் ஒரே பட்டியலாக வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஏற்க வேண்டும். இல்லையேல் செயலியே வேண்டாம் என்று விட வேண்டும். 2015இல் வந்த ஆறாம் பதிப்பு இதை மாற்றியது. படம் எடுக்க முனையும் வேளையில் ஒளிப்படக் கருவிக்கான கேள்வி. வழி தேடும் வேளையில் இருப்பிடத்திற்கான கேள்வி. 2020இல் வந்த பதினோராம் பதிப்பு ‘இம்முறை மட்டும்’ என்ற விடையையும் சேர்த்தது. மனிதர் மாறவில்லை, கேள்வி வரும் நேரம் மாறிற்று. எதற்காகக் கேட்கிறார்கள் என்பது கண்முன் தெரிகிற நேரத்தில் கேட்டபோது கேள்விக்குப் பொருள் வந்தது.

இரண்டாவது, எவ்வளவு கேட்பது. 2023ஆம் ஆண்டின் சட்டமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. தொலைவிலிருந்து மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்று, ஆலோசனைக்குத் தேவையான விவரங்களையும், கூடவே கைபேசியிலுள்ள தொடர்பு எண்களின் பட்டியலையும் கேட்கிறது. பயன்படுத்துபவர் இரண்டுக்கும் சம்மதம் தந்துவிடுகிறார். ஆயினும் மருத்துவ ஆலோசனைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லையாதலால், அவருடைய சம்மதம் ஆலோசனை அளவில் மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். இது புதிய நீதியன்று. நோயறியும் சோதனைக்குச் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்திலிருந்தபோது அவருடைய தாயிடம் கேட்டுக்கொண்டு கருப்பையை அகற்றிய வழக்கில், ஒன்றுக்குத் தந்த சம்மதம் மற்றொன்றுக்கு ஆகாது என்று உச்சநீதிமன்றம் 2008 சனவரியில் தீர்ப்பளித்திருந்தது. உடலுக்கு உரிய நீதி இப்போது தரவுக்கும் வந்திருக்கிறது.

மூன்றாவது, எந்த விடையை முன்கூட்டியே நிரப்பி வைப்பது. ஜெர்மனியில் இணையவழிப் பரிசுப் போட்டி நடத்திய ஒரு நிறுவனம், சம்மதக் கட்டத்தில் தானே குறியிட்டு வைத்திருந்தது. விரும்பாதவர் அக்குறியை நீக்க வேண்டும். இது சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று கூறியது. ஒரு சிறு குறி இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். உறுப்புக்கொடை பற்றி 2003இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்று விடை தருகிறது. ஜெர்மனியில் சம்மதித்தோர் நூற்றுக்கு 12 பேர். அண்டை நாடான ஆஸ்திரியாவில் 99.98 விழுக்காடு. ஆஸ்திரியர் எல்லாரும் வள்ளல்களாகவும் ஜெர்மானியர் கருமிகளாகவும் பிறந்துவிடவில்லை. ஒரு நாட்டில் விரும்புவோர் பதிவு செய்ய வேண்டும். மறுநாட்டில் விரும்பாதோர் பதிவு செய்ய வேண்டும். அவ்வளவே வேறுபாடு. நோக்கம் நல்லதாயிருந்தாலும், அந்தப் பெருந்தொகையில் எவ்வளவு மனமுவந்த சம்மதம், எவ்வளவு வெறும் மௌனம் என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது.

நான்காவது, மறுப்பின் சுமை எவ்வளவு இருக்கலாம் என்பது. ஏற்பதற்கு ஒரு தொடுதல். மறுப்பதற்கோ உள்ளறைகளைத் திறந்துகொண்டே போக வேண்டும். இவ்வாறு அமைத்ததற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 சனவரியில் கூகுள் மீது 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக் மீது 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததாக அறிவித்தது. அங்கும் மறுப்பதற்கு வழி இருந்தது. ஏற்பதைப் போல எளிதாக இல்லை என்பதே குற்றம்.

மறுத்தபின் என்ன?

இவையனைத்தையும்விடக் கடினமான கேள்வி, மறுத்தவருக்கு என்ன நேரும் என்பது. இதற்கு நம் நாட்டிலேயே பெரியதொரு வழக்கு உண்டு. 2014இல் ஃபேஸ்புக்கின் உடைமையான வாட்ஸ்அப், 2016இல் தன் விதிகளை மாற்றியபோது, தாய் நிறுவனத்தோடு தம் விவரங்கள் விளம்பரத்திற்காகப் பகிரப்படுவதை விரும்பாத அந்நாளைய பயனாளர்களுக்கு 30 நாள் அவகாசத்தில் மறுக்கும் வாய்ப்பைத் தந்தது. 2021 சனவரியில் வந்த புதிய அறிவிப்பில் அப்படியொரு வாய்ப்பு இல்லை. பிப்ரவரி 8க்குள் ஏற்க வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு எழவே மே 15க்குத் தள்ளி வைத்தார்கள். திரையில் ஏற்க வழி இருந்தது. சற்றுத் தள்ளிப்போடவும் வழி இருந்தது. ‘இதை ஏற்கமாட்டேன், ஆயினும் செயலியைத் தொடர்ந்து பயன்படுத்துவேன்’ என்று சொல்ல வழி இல்லை.

மத்திய அரசு அந்த ஆண்டு பிப்ரவரியில் கூறிய கணக்குப்படி இந்தியாவில் வாட்ஸ்அப் பயன்படுத்துவோர் 53 கோடி. பள்ளியின் செய்தியும், மீனின் விலையும், மறைந்தவரின் அடக்கநேரமும் அதன் வழியே வருகின்றன. அதை விட்டுவிடலாமே என்று சொல்வது, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்காதே என்று சொல்வதற்கு ஒப்பாகும். ‘ஏற்றுக்கொள் அல்லது விலகிப்போ’ என்னும் இந்த நிலை நியாயமற்ற நிபந்தனை என்று கண்ட இந்தியப் போட்டி ஆணையம், 2024 நவம்பர் 18 அன்று மெட்டா நிறுவனத்திற்கு 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. விளம்பரத்திற்காகத் தரவைப் பகிர்வதற்கு ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தடையை நீக்கி, தண்டத்தை நிலைநிறுத்தியது.

இவ்வழக்கு கற்பிப்பது என்ன? வார்த்தைகள் தெளிவாயிருக்கலாம், எழுத்துக்கள் பெரிதாயிருக்கலாம், எதையும் மறைக்காமலும் இருக்கலாம். மறுப்பவர் இழப்பது அவருடைய அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாயின், அங்கே கேட்கப்படுவது சம்மதமன்று, சரணடைதல்.

நம் மொழியும் நம் தாட்சணியமும்

2023ஆம் ஆண்டின் சட்டம், சம்மதம் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. இது பெரும் பேறு. ஆனால் எந்தத் தமிழ்?

‘அனுமதி’ என்பது வீட்டுக்காரர் வாசலில் நிற்பவருக்குத் தருவது. அச்சொல் தருபவரை உரிமையாளராக்குகிறது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதோ குற்றம் சாட்டப்பட்டவரின் வாயிலும் வருகிற சொல். ‘சம்மதம்’ மணவறையிலும் பத்திரத்திலும் ஒலிப்பது. அதற்குக் கனம் அதிகம். எதிர்மறையை எடுத்துக்கொண்டால், ‘நிராகரி’ என்ற சொல்லைச் சில செயலிகளில் காண்கிறோம். மனுவை நிராகரிக்கிறார்கள், மனிதரை நிராகரிக்கிறார்கள். அத்தனை கடுமையான சொல்லை நோக்கி விரல் எளிதில் போகாது. வீட்டில் நாம் ‘வேண்டாம்’ என்போம். அந்த எளிய சொல் திரையில் அமர்வதற்கு என்ன தடை?

இன்னொரு நுட்பமும் உண்டு. முகத்துக்கு நேரே மறுப்பது நம் பண்பாட்டில் அரிது. ‘இருக்கட்டும்’, ‘பரவாயில்லை’, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்போம். கேட்டவர் மனிதராயின் அதன் பொருளை உணர்ந்து, மறுபடி வற்புறுத்தமாட்டார். செயலியோ இந்தத் தாட்சணியத்தையே தன் கருவியாக்கிக்கொள்கிறது. ‘வேண்டாம்’ என்ற விடையைத் தராமல் ‘பிறகு’ என்ற விடையை மட்டும் தருகிறது. மறுநாள் காலையில் மீண்டும் வந்து நிற்கிறது. நம் மரியாதையான மறுப்பை அது தவணையாகக் கணக்கெழுதி வைத்துக்கொள்கிறது. பத்துமுறை தள்ளிப்போட்டவர் பதினோராம் முறை சலித்துத் தொடுகிறார். அதையும் சம்மதம் என்கிறார்கள்.

சம்மதத்தைக் கேட்டுப் பெறும் கலையில் நம் திருச்சபைக்கு நீண்ட அனுபவம் உண்டு என்பதை இங்கே நினைவுகூரலாம். மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அதற்கு ஈடாக வேறெந்த மனித அதிகாரமும் நிற்க முடியாது என்பது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தின் நிலைப்பாடு. வற்புறுத்தலாலோ பேரச்சத்தாலோ தரப்பட்ட சம்மதம் செல்லாது என்றும் அது கூறுகிறது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு விதியும் இருக்கிறது: மொழிபெயர்ப்பாளர் வழியாகத் திருமணம் நடைபெறலாம், ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளர் நம்பத்தக்கவர் என்று உறுதியாகத் தெரியாமல் பங்குத்தந்தை அத்திருமணத்தை நடத்தி வைக்கலாகாது. கேட்கப்படுபவருக்குக் கேள்வி சரியாகப் போய்ச்சேர்ந்ததா என்று பார்க்கும் கடமையை அவ்விதி கேட்பவர் மீதே சுமத்துகிறது. இயந்திரம் பெயர்த்த அரைகுறைத் தமிழைத் திரையில் இட்டுவிட்டு, ‘தமிழில்தான் கேட்டோமே’ என்று கைகழுவுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

வெட்கப்படுத்திப் பெறும் ‘ஆம்’

ஏமாற்றும் திரை அமைப்புகளுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்ற பெயரை 2010இல் சூட்டியவர் ஹாரி பிரிக்னல் என்னும் பிரிட்டன் நாட்டு வடிவமைப்பாளர். 2023 நவம்பர் 30 அன்று நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டன. மேலே கண்ட நச்சரிப்பும் அவற்றுள் ஒன்று. வெட்கப்படுத்துதல் மற்றொன்று. விமானச் சீட்டு வாங்குபவர் காப்பீட்டைச் சேர்க்க விரும்பாவிடில், ‘நான் பாதுகாப்பற்றே இருந்துகொள்கிறேன்’ என்ற பொருளுடைய விடையைத் தொட வேண்டும். இதையே எடுத்துக்காட்டாகத் தருகிறது அந்த ஆவணம். இங்கும் பிறர் எழுதிய ‘நான்’. இம்முறை தன்னைத் தானே இகழ்ந்துகொள்ளும் ‘நான்’.

நம் வாசகர்கள் உற்றுநோக்க வேண்டிய வகை இன்னொன்று. வாங்கிய பொருள்களுக்கான தொகையோடு, கேளாமலே ஓர் அறக்கொடையைச் சேர்த்துவிடுவதும் அப்பட்டியலில் இடம்பெறுகிறது. ஏழைக்குத்தானே போகிறது, இதில் என்ன தவறு என்று இரக்கமுள்ள நெஞ்சம் கேட்கும். கொடுப்பவர் அறியாமல் எடுக்கப்பட்டது கொடையன்று. அது கொடுத்தவரின் அறச்செயலையே அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறது. நல்ல நோக்கம் கேளாமையை மன்னிக்காது. நம் சங்கங்களும் மன்றங்களும் குடும்ப விவரப் படிவங்களை நிரப்பும்போதும், கேளாமலே எண்களை எடுத்துக் குழுக்களில் சேர்க்கும்போதும், இதே அளவுகோலைத் தமக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். ‘நம்மவர்தானே’ என்ற உரிமை, கேட்கும் கடமையிலிருந்து நம்மை விடுவிக்காது.

கேட்காமலிருத்தல்

ஓர் எதிர்வாதம் நியாயமானது. கேள்விகள் பெருகப் பெருக மனிதர் சலித்து எல்லாவற்றையும் ஏற்றுவிடுகிறார்கள். ஆகவே கேள்வியைச் செப்பனிடுவதால் பயனில்லை என்பார்கள். உண்மைதான். சம்மதம் கேட்பதே ஒருவகையில் பொறுப்பைத் தோள்மாற்றும் தந்திரமாகவும் ஆகிவிடுகிறது: ‘அவர்தானே சரி என்றார்.’ நேர்மையாகக் கேட்கத் தெரிந்தவரும் தமக்கென்று வேறு அளவுகோல் வைத்துக்கொள்வதுண்டு. 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், பிற செயலிகள் பயனாளரைப் பின்தொடர்வதற்கு முன் கேட்டாக வேண்டும் என்று விதித்து, மறுப்பையும் ஏற்பையும் அருகருகே வைத்தது. பலரும் பாராட்டினர். 2025 மார்ச்சில் பிரான்சின் போட்டி ஆணையம் அந்நிறுவனத்திற்கு 15 கோடி யூரோ தண்டம் விதித்தது. நோக்கத்தில் அது குறை காணவில்லை. நடைமுறைப்படுத்திய விதத்திலும், பிறருக்கு ஒரு நடை தனக்கு ஒரு நடை என்றிருந்ததிலுமே குறை கண்டது.

இச்சலிப்புக்கு மருந்து குறைவாகக் கேட்பதுதான். கடையில் பற்பசை வாங்கினாலும் ‘போன் நம்பர் சொல்லுங்க’ என்கிறார்கள். இலக்கணப்படி அது கேள்வியே அன்று, ஏவல். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க, நாமும் சொல்லிவிடுகிறோம். எண் தராததால் விற்க மறுக்கலாகாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. இங்கே தேவைப்படுவது இனிமையான கேள்வியன்று, கேளாமை. எந்த விவரம் இல்லாமலும் பணி நடக்குமோ, அந்த விவரத்தை நாடாதிருப்பதே மிக நேர்மையான வடிவமைப்பு.

2025 நவம்பரில் வெளியான விதிகள், இச்சட்டத்தின் முதன்மையான கடமைகளுக்கு ஆயத்தமாக நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தந்தன. சம்மதத்தைத் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அதற்கு நிகராக எளிதாயிருக்க வேண்டும் என்பது அக்கடமைகளுள் ஒன்று. ஆனால் பொத்தானை எங்கே வைப்பது, அதில் எந்தச் சொல்லை எழுதுவது, எந்த நேரத்தில் கேட்பது என்று சட்டம் ஒவ்வொரு திரைக்கும் வந்து சொல்லித் தராது. அதைத் தீர்மானிப்பவர்கள் கால்வாய்க்கு அப்பாலுள்ள அலுவலகங்களில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள். எத்தனைபேர் ‘சரி’ என்றார்கள் என்பதே அங்கே வெற்றியாக எண்ணப்படும். அந்த எண்ணிக்கையைக் கேட்கும் மேலதிகாரியிடம், எத்தனைபேர் எளிதாக ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்தது என்ற கணக்கையும் சேர்த்து வைக்கும் துணிவு அவர்களுக்கு வேண்டும். வேலைக்கு இடையூறு வரக்கூடிய துணிவு அது. எளிதென்று நாம் சொல்லமாட்டோம்.

தாம் எழுதிய திரையை வெளியிடுமுன் அவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். கைபேசியை வீட்டிலுள்ள முதியவரிடம் கொடுத்து, ‘இதற்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்’ என்று கேட்டு, அருகில் பேசாமல் நிற்கலாம். அவர் அந்த விடையைத் தேடிக் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறதோ, அந்த அளவுக்கு அத்திரை இன்னும் திருத்தப்பட வேண்டியது.